சத்தம் போடாத மோட்டார்

அத்தியாயம் 11

பதினான்காம் தேதி, வியாழக்கிழமை.

முதலில் ஒரு திருத்தம். போன வாரம், “அப்பாவுக்குப் புது மோட்டார் பிடிக்கவில்லை” என்று எழுதியிருந்தேன். அது தவறு. பிடிக்காமல் இருப்பது வேறு, கைக்கு வராமல் இருப்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு வாரம் அப்பாவைப் பிடிவாதக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்ததோடு நிற்காமல் எழுதியும் வைத்துவிட்டேன்.

வேலைக் குறிப்பில் தவறைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது எங்கள் மாலை நேர எலக்ட்ரிக்கல் வகுப்பு வாத்தியாரின் கட்டளை. செய்த வேலை நடுவில், நாளைய வேலை கடைசியில். “கரண்ட் வேலை பார்க்கறவங்க தவறைக் கடைசியில எழுதலாம்னு வச்சிருந்தா, எழுத ஆள் இருக்க மாட்டாங்க” என்பார்.

விட்ட இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்துக்கு ஆற்றைக் கடக்கும் படகு ஒன்று இருக்கிறது. அப்பா ஓட்டுவார். அம்மா டிக்கெட் கொடுப்பாள், கயிறு கட்டுவாள், யார் எந்தக் கரையில் யாரோடு பேசினார்கள் என்று கவனித்துக்கொள்வாள். அண்ணன் அக்கரையில் படகுகளுக்கு டீசல் போடும் பங்க்கில் வேலை. நான் பகலில் படகில், மாலையில் வகுப்பில்.

டீசல் லாரி வராத வாரங்களில் எங்கள் படகு கரையிலேயே கிடக்கும். வீட்டில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். போன மாதம் அப்பா ஒருநாள் எழுந்து, “சும்மா கிடக்கற வெயில் கூரை மேல வீணாப் போகுது. மீட்டரு, நீ படிக்கறது எதுக்காவது ஆகுமா?” என்று கேட்டார். எதையும் அளந்து பார்க்கிற வழக்கத்தால் வீட்டில் எனக்கு அந்தப் பெயர்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். டீசல் இன்ஜினைக் கழற்றினோம். பலகைகளுக்குக் கீழே பேட்டரி வைத்தோம். கூரையில் சோலார் தகடுகள் ஏறின. பங்க்கின் பெரிய வாடிக்கையாளரே எங்கள் படகுதான் என்பதால், அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். “வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி” என்று அப்பா சிரித்தார்.

இன்று அந்தப் படகுக்குப் பரீட்சை. பயணிகளை ஏற்றலாமா கூடாதா என்று முடிவு செய்ய ஆய்வாளர் வருகிற நாள். கூடாது என்றால் பழைய இன்ஜினைத் திரும்பப் பூட்ட முடியாது. அது பழைய இரும்புக்கடைக்குப் போய்விட்டது.

*

காலையில் ஒரு ஒத்திகை பார்த்தோம். படகு தண்ணீரில் நழுவிப் போனது. ஒரு சத்தம் இல்லை. தண்ணீர் பலகையில் உரசுவது மட்டும் கேட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மாவுக்குத்தான் கஷ்டம். இத்தனை வருஷமாக இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகியவள். ரகசியம் சொல்கிறேன் என்று என் காதருகே குனிந்து, “மருந்துக்கடைக்காரர் தலைக்குச் சாயம் போட்டிருக்கார் பாரு” என்றாள். கரையில் நின்ற மருந்துக்கடைக்காரர் தலையைத் தடவிக்கொண்டார்.

“என்னங்க, இந்தப் படகுல இனி ஒரு பேச்சும் பேச முடியாது போலிருக்கே” என்றாள் அம்மா.

அப்பாவின் கண் துறையில் இருந்தது. சக்கரத்தைப் பிடித்திருந்த கை இறுகியிருந்தது. துறை நெருங்கியது. வேகக் கைப்பிடியை இறக்குவார் என்று பார்த்தேன். இறக்கவில்லை. பிறகு சட்டென்று முழுவதும் இறக்கினார். படகு துறையில் கட்டியிருந்த டயரில் ‘தொம்’ என்று மோதியது. நான் அம்மாவின் மேல் விழுந்தேன். அம்மா டிக்கெட் பையின் மேல் விழுந்தாள்.

“இடிக்கறது இது நாலாவது நாள்” என்றார் அப்பா. “வேகமாப் போறேனா மெதுவாப் போறேனான்னே தெரியல. செவிடன் கையில சக்கரத்தைக் கொடுத்த மாதிரி இருக்கு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா கண்ணால் வழி பார்ப்பார். வேகத்தைக் காதால்தான் பார்ப்பார். எவ்வளவு பாரம், ஆறு எவ்வளவு இழுக்கிறது, கை எப்போது இறங்க வேண்டும் எல்லாவற்றையும் இன்ஜின் அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது. நான் அந்த வாயைக் கழற்றி இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டேன்.

“மீட்டர் இருக்கே அப்பா. முள் ஏறினா வேகம், இறங்கினா…”

“கண்ணு கரையில இருக்கணுமா, முள்ளுல இருக்கணுமா? எனக்கு ரெண்டு கண்ணுதான் கொடுத்திருக்கு.”

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. இருந்தாலும் ஒழுங்கு என்றால் ஒழுங்கு.

பழைய இன்ஜின் ஓடிய கடைசி நாளில் அதன் சத்தத்தை என் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். இக்கரையிலிருந்து அக்கரை வரை ஒரு முழுப் பயணம். அப்பாவுக்குத் தேவை சத்தம்தானே? ஓட்டுநர் பலகைக்கு அடியில் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வைத்துக் கட்டினேன். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். கட்டு உறுதியாக இருந்தது. யோசனை உறுதியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கவில்லை.

“சத்தம் வரும் அப்பா. பழைய சத்தமே வரும்” என்றேன்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. “பொண்ணுன்னா இப்படி இருக்கணும்” என்று அம்மாவிடம் சொன்னார்.

*

ஆய்வாளர், தான் சொல்லியிருந்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். கனத்த உருவம், வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய். எதைச் சொன்னாலும் கேள்வியாகவே சொல்வார்.

“இதுதான் படகா? சத்தமே போடாதாமே?”

“ஆமாங்க மேடம்” என்றாள் அம்மா, அடுத்த தெருவுக்கும் கேட்கிற மாதிரி.

ஆள் பாரத்தோடு ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது விதி. அதற்காக எங்கள் தினசரிப் பயணிகள் சிலரை அம்மா வரச் சொல்லியிருந்தாள். தையல்கார அக்கா மடியில் துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். மருந்துக்கடைக்காரர் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

ஆய்வாளர் கம்பிகளைப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார், மிதவை வளையங்களைத் தட்டிப் பார்த்தார். குறை சொல்லவில்லை. பிறகு தன் பையிலிருந்து ஒரு ஸ்டீல் டம்ளரை எடுத்து நடுப்பலகையில் வைத்தார். பாட்டிலைத் திறந்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினார்.

“என் பரீட்சை என்னன்னு தெரியுமா? அக்கரையில ஒரு தடவை, இக்கரையில ஒரு தடவை கட்டணும். தண்ணி சிந்தினா பரவாயில்ல. டம்ளர் விழலாமா?”

“விழக்கூடாது” என்றார் அப்பா.

“விழுந்தா?”

தையல்கார அக்கா மூட்டையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

“நிறைகுடம் தளும்பாதும்பாங்க. டம்ளருக்கு அது பொருந்துமான்னு தெரியலையே” என்று அம்மா என் காதில் சொன்னாள். படகு முழுவதும் சிரித்தது. ஆய்வாளரும் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

கிளம்பினோம். நான் போனைத் தட்டினேன். பலகைக்கு அடியிலிருந்து பழைய இன்ஜின் உறுமியது. டுகுடுகுடுகு என்று அந்தப் பழைய குரல். அப்பாவின் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. சக்கரத்தில் விரல்கள் தாளம் போட்டன. மருந்துக்கடைக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“சத்தம் போடாதுன்னு சொன்னீங்களே?” என்றார் ஆய்வாளர்.

“அது… தேவைப்பட்டா போடும் மேடம்” என்றேன்.

நடு ஆறு வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அங்கேதான் வந்தது வினை. இன்ஜின் சத்தம் மெல்ல இறங்கியது. டுகுடுகு என்பது டுக் டுக் ஆனது. அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். நிதானமாக வந்துகொண்டிருக்கிறோம் என்கிற ஆட்டம் அது. ஆனால் கரை வேகமாக நெருங்கி வந்துகொண்டிருந்தது.

சத்தத்தைப் பதிவு செய்த அன்றைக்கு ஆறு வேறு, பாரம் வேறு. பதிவில் இருந்த படகு துறையை நெருங்கிவிட்டது. நாங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறோம்.

“கயித்தப் பிடி! இறங்கறவங்க எல்லாம் இறங்கலாம்!” என்று பலகைக்கு அடியிலிருந்து அம்மாவின் குரல் கத்தியது.

அம்மா துள்ளி எழுந்தாள். “நான் வாயே திறக்கலையே!”

தையல்கார அக்கா பழக்க தோஷத்தில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். சுற்றிலும் தண்ணீர். “ஐயோ, எங்கே இறங்கறது?”

“உட்காருங்கக்கா!” என்று கத்தினேன். “அப்பா, கைப்பிடி! கைப்பிடியை இறக்குங்க!”

“இறக்கிட்டேனே! சத்தம் இறங்கிடுச்சே!”

தொம்.

டம்ளர் பறந்தது. தண்ணீர் முழுவதும் ஆய்வாளரின் வெள்ளை ஷூவில். டம்ளர் உருண்டு அப்பாவின் காலடியில் போய் நின்றது. என் போன் மட்டும் கடமை தவறாமல், “மெதுவா இறங்குங்க, மெதுவா” என்று அம்மா குரலில் சொல்லிக்கொண்டிருந்தது. அதை நிறுத்துவதற்கு எனக்கு இரண்டு தடவை விரல் தவறியது.

*

அக்கரையில் எங்களைப் பார்க்க ஒரு கூட்டமே இருந்தது. டீசல் லாரி இந்த வாரமும் வரவில்லை. பங்க்கில் ‘டீசல் இல்லை’ பலகை தொங்கியது. மற்றப் படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஓட்டுநர்கள் துறைச் சுவரில் உட்கார்ந்து, எங்கள் தொம்மை முழுவதுமாகக் கண்டு களித்தார்கள்.

“கேப்டன், துறையை இடிச்சுப் புதுசா கட்டப் போறீங்களா?” என்று ஒருவர் கேட்டார்.

அப்பா சிரிக்கவில்லை. டம்ளரை எடுத்துத் தன் துண்டால் துடைத்து ஆய்வாளரிடம் நீட்டினார்.

“மேடம், படகுல ஒரு குறையும் இல்ல. என் பொண்ணு நல்லாத்தான் செஞ்சிருக்கா. ஓட்டறவன்தான் சரியில்ல. வேற ஆளை வச்சு ஓட்டிக் காட்டினா ஒத்துக்குவீங்களா?”

அந்தக் குரலில் அப்பா பேசி நான் கேட்டதே இல்லை. படகில் எல்லோருக்கும் அது தெளிவாகக் கேட்டது. மறைக்க ஒரு இன்ஜின் சத்தம்கூட இல்லை.

“எனக்கு ஷூவைக் காய வைக்கணும். கொஞ்ச நேரம் ஆகும், இல்லையா? அப்புறம் திரும்பிப் போகணும், இல்லையா?” என்றார் ஆய்வாளர். “அந்தக் கரையில யார் கட்டினாலும் எனக்குச் சம்மதம். ஆனா அதுதான் கடைசி. புரிஞ்சுதா?”

ஷூவைக் கழற்றிச் சுவர் மேல் வெயிலில் வைத்துவிட்டு, புது மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

நான் துறைக்கல்லில் உட்கார்ந்தேன். எங்கே தப்பு என்று எனக்கே புரியவில்லை. சத்தம் இருந்ததே. அதே சத்தம்தானே.

“பாட்டுக் கச்சேரியா நடத்தறே?”

நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன். பங்க்கின் நீலச் சட்டை, கையில் எண்ணெய்த் துணி. இந்த மாதத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

“நீ போட்டது அன்னைக்கு ஓடின சத்தம். அப்பாவுக்கு வேணுங்கறது இன்னைக்கு ஓடற சத்தம். கை ஏறினா அது ஏறணும், கை இறங்கினா அது இறங்கணும். போன வாரச் சாப்பாட்டை நினைச்சுக்கிட்டா இன்னைக்குப் பசி போகுமா?”

“இன்னைக்கு ஓடற சத்தம் எங்கேயும் வராதே அண்ணா. மோட்டார் ஊமை. முள் மட்டும்தான் பேசுது.”

“அப்ப முள்ளைப் படிச்சுச் சொல்லு.”

கரையோரமாகவே சின்னதாக ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தோம். அப்பா ஓட்டினார். நான் மீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, “நாற்பது… முப்பத்தெட்டு… நாற்பத்திரண்டு…” என்று சொன்னேன்.

“பேங்க்ல டோக்கன் கூப்பிடற மாதிரி இருக்கு” என்றார் அப்பா. “எண்ணைக் கேட்டு அதை மனசுல வேகமா மாத்தறதுக்குள்ள துறை வந்துடுதும்மா.”

அண்ணன் கரையில் நின்றபடி இதைக் கேட்டான். எண்ணெய்த் துணியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். பங்க் பக்கம் திரும்பிப் பார்த்தான். பங்க் முதலாளி நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முதலாளி பார்க்கறார்” என்றான்.

“பார்க்கட்டும். கண்ணு இருக்கறது பார்க்கத்தானே?” என்றாள் அம்மா. இந்தத் தடவை அவள் ரகசியமாகச் சொல்ல முயலவே இல்லை.

அண்ணன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு படகில் குதித்தான். என்னைத் தள்ளிவிட்டு மீட்டருக்கு முன்னால் உட்கார்ந்தான். முள்ளைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

“டுக்… டுக்… டுக்… டுக்…”

துறைச் சுவரில் இருந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். அண்ணனின் காது சிவந்தது. ஆனால் நிறுத்தவில்லை. அப்பா கைப்பிடியை லேசாக ஏற்றினார். முள் ஏறியது. அண்ணன் வாய் உடனே ஓடியது: “டுக்டுக்டுக்டுகுடுகுடுகு…”

அப்பா கைப்பிடியை இறக்கினார். “டுகு டுக்… டுக்… டு…க்…”

அப்பா திரும்பி அவனைப் பார்த்தார். பிறகு ஆய்வாளரைக் கூப்பிட்டார்.

“மேடம், ஷூ காய்ஞ்சுதா? நானே ஓட்டறேன்.”

*

டம்ளர் மறுபடி நடுப்பலகையில். மறுபடி விளிம்பு வரை தண்ணீர். தையல்கார அக்கா, “யார் என்ன கத்தினாலும் நான் எந்திரிக்க மாட்டேன்” என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தார்.

ஆய்வாளர் அண்ணனைக் காட்டி, “இவர் யார்? இன்ஜினா?” என்று கேட்டார்.

“என் பையன் மேடம்” என்றார் அப்பா.

கிளம்பினோம். அண்ணன் கண்ணை முள்ளிலிருந்து எடுக்கவில்லை. அப்பா கண்ணைக் கரையிலிருந்து எடுக்கவில்லை. நடுவில் அந்தச் சத்தம் மட்டும் ஓடியது. மற்றவர்களுக்கு அது வேடிக்கை. அப்பாவின் தோள்களைப் பார்த்தேன்; வரும்போது பொய்ச் சத்தத்துக்குத் தளர்ந்த அதே தோள்கள் இப்போது தளரவில்லை. விழிப்பாக இருந்தன. ஒவ்வொரு டுக்கையும் அவர் எடை போட்டு வாங்கிக்கொண்டார்.

நடு ஆற்றில் நீர் இழுக்கும் இடம் வந்தது. பழைய இன்ஜின் அந்த இடத்தில் எப்போதும் இருமும். அண்ணனுக்கு அது பிறந்ததிலிருந்தே கேட்ட இருமல்.

“டுகுடுகுடுகு… க்ஹும்! க்ஹும்! டுகுடுகு…”

அப்பாவின் கை தானாகக் கைப்பிடியை இறக்கியது. பழைய இன்ஜின் இருமினால் அதற்கு மூச்சு விட இடம் கொடுக்க வேண்டும். படகு உடனே ஆற்றோடு இழுபட்டு மூக்கைத் திருப்பியது. டம்ளரில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து வழிந்தது.

“இருமாதே அண்ணா! இந்த மோட்டார் இருமாது!” என்று கத்தினேன். “முள் எங்கே இருக்கு பாரு! அதை மட்டும் சொல்லு!”

அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு முள்ளைப் பார்த்து, சுத்தமாக, இருமல் இல்லாமல், “டுகுடுகுடுகுடுகு” என்று ஓட்டினான். அப்பா கைப்பிடியை ஏற்றினார். ஏற ஏறச் சத்தம் ஏறியது. படகு இழுப்பை அறுத்துக்கொண்டு நேராக நிமிர்ந்தது.

“அடேயப்பா” என்றார் அப்பா. “இந்த இடத்துல மூச்சே வாங்க மாட்டேங்குதே!”

“வாங்காது அப்பா” என்றேன்.

இக்கரை வந்தது. அப்பா கைப்பிடியைக் கொஞ்சம் இறக்கினார். டுகு டுகு. இன்னும் கொஞ்சம். டுக்… டுக்… அம்மா கயிற்றோடு முன்னால் நின்றாள், வாயைத் திறக்கவில்லை. டுக்… அண்ணனின் நெற்றியில் வியர்வை. டு…க்…

பிறகு அண்ணன் நிறுத்தினான். முள் பூஜ்யத்தில் இருந்தது. படகு மிச்சமிருந்த வேகத்தில் மட்டும் நகர்ந்து, டயரின் மேல் தலையணையில் தலை வைப்பது போலச் சாய்ந்தது.

எல்லோரும் டம்ளரைப் பார்த்தோம். அது ஒரு முறை நடுங்கியது. ஒரு கோடு தண்ணீர் வெளிப்பக்கமாக வழிந்து பலகையில் சொட்டியது. டம்ளர் நின்றது.

ஆய்வாளர் அதை எடுத்தார். தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு அண்ணாந்து முழுவதையும் குடித்தார்.

“எனக்குத் தாகம் எடுக்காதா?” என்றார்.

மருந்துக்கடைக்காரர் கை தட்டினார். தையல்கார அக்கா எழுந்திருக்காமலே கை தட்டினார். அம்மா கயிற்றைக் கட்டிவிட்டுத்தான் கத்தினாள். அந்தச் சத்தம் அக்கரைச் சுவரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

*

அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு மாதத்துக்கு மட்டும்.

“பையன் வாய் ஒரு மாசம் தாங்குமா?” என்று ஆய்வாளர் கேட்டார். “அதுக்குள்ள இவர் போடற சத்தத்தை ஒரு கருவி போடணும். முள் ஏறினா ஏறணும், இறங்கினா இறங்கணும். யார் செய்வாங்க?”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முடியும் என்று சொல்ல வாய் வரவில்லை. முடியாது என்றும் வரவில்லை. “முயற்சி பண்றேன் மேடம்” என்றேன். ஆய்வாளர் தலையசைத்துவிட்டு, ஒரு புதினா மிட்டாயை அண்ணனிடம் கொடுத்தார். “தொண்டைக்கு நல்லதில்லையா?”

அப்பா மறுபடி அக்கரைக்குப் படகை எடுத்தார், அண்ணனை வேலைக்குக் கொண்டு விட்டு, வேலை முடிந்ததும் அவனோடே திரும்பி வர. அண்ணன் மிட்டாயோடு டுக்டுக்கிக்கொண்டே போனான். நடு ஆற்றில் இருவரும் எதற்கோ சிரிப்பது இக்கரை வரை கேட்டது. இனி எங்கள் குடும்பத்தில் ரகசியம் என்று ஒன்று இருக்கப் போவதில்லை.

மாலையில் வகுப்புக்குப் போனேன். முள்ளுக்கு ஏற்ப வேகமாகவும் மெதுவாகவும் தட்டுகிற கருவி செய்யலாமா என்று வாத்தியாரிடம் கேட்டேன். “செய்யலாம். முதல் தடவை தப்பா வரும்” என்றார். அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. தப்பாக வருவதில் எனக்குப் பழக்கம் உண்டு.

வீடு திரும்பியபோது அண்ணன் எனக்கு முன்னால் வந்திருந்தான். தொண்டை கட்டிக் குரல் கரகரத்தது. அம்மா வெந்நீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். “பெரியவன் இன்ஜினுக்கு ரேடியேட்டர் சூடாயிடுச்சு” என்றார் அப்பா.

அண்ணன் என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை.

“முதலாளி கூப்பிட்டார்” என்றான்.

அம்மாவின் கை நின்றது. “திட்டினாரா? வேலையை விட்டு எடுத்துட்டாரா?”

“என்னைக் கூப்பிடல.” அவன் என்னைக் காட்டினான். “இவளை. காலையில வரணுமாம். கூடவே அந்த மீட்டரையும் கழற்றி எடுத்துட்டு வரணுமாம்.”

“மீட்டரா? அது எதுக்கு?”

“கேட்டேன். ‘அதை அவகிட்ட சொல்லிக்கறேன்’ன்னுட்டார். அப்புறம் என்ன பண்ணார் தெரியுமா? டீசல் இல்லைன்னு தொங்கற பலகையை இறக்கினார். பின்பக்கம் திருப்பி, வெறும் பலகையைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தார்.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அம்மா வெந்நீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள்: “அந்த மனுஷன் இருபது வருஷத்துல ஒரு தடவைகூட நம்மைக் கூப்பிட்டதில்லையே.”

கோபமா, கொள்முதலா, வேறு ஏதாவதா என்று இந்த வீட்டில் ஆளுக்கொரு ஊகம் ஓடிக்கொண்டிருக்கிறது. என் ஊகத்தை எழுதப் போவதில்லை. போன வாரம் ஊகித்து எழுதியதைத்தான் இன்று திருத்த வேண்டியிருந்தது.

நாளைய வேலை: முதல் படகுக்கு அண்ணனை எழுப்பி வெந்நீர் கொடுத்து அழைத்துப் போவது. பயணிகள் ஏறிய பிறகு மீட்டர் பக்கத்தில் யாரும் பேச்சுக் கொடுக்காமல் பார்த்துக்கொள்வது. அக்கரையில் படகைக் கட்டியதும், அப்பாவிடம் கேட்டுக்கொண்டு, மீட்டரைக் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பங்க் முதலாளியைப் போய்ப் பார்ப்பது.